சீக்குவல் என்று சொன்னவனும் எஸ்.கியூ.எல். என்று சொன்னவளும்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் மானம் போகும்.

கொழும்பிலிருந்து ஒரு சஞ்சிகை ஆசிரியர் போன் செய்தார். மலையகச் சிறப்பிதழ் ஒன்று போடுகிறாராம். "மண் மணக்கிற மாதிரி ஒரு கதை குடுங்க" என்றார். கொஞ்சம் பனி, கொஞ்சம் அட்டைக்கடி, வசதிப்பட்டால் கடைசிப் பந்தியில் ஒரு சாவு என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அவருடைய போன வருஷச் சிறப்பிதழை நான் வாசித்திருக்கிறேன். அதில் கதையை உயிரோடு முடித்தவர்கள் குறைவு.

நான் ஹற்றன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருப்பவன். போட்டோக்கொப்பி, பிரிண்ட், லெமினேட், அடையாள அட்டைக்குப் படம். ஆள் வராத நேரத்தில் இலக்கியம். கடையில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே கொம்பியூட்டரில்தான் வாடிக்கையாளர்களும் உட்காருவார்கள், நானும் கதை எழுதுவேன். அதனால் வந்த வினை இது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனி மூடிய மலைச்சரிவில், முதுகில் கூடையோடு ஜோசப்பின் நடந்து—

பிறகு இப்படி:

லயத்துத் தகரக்கூரையில் மழை தாளம் போட, வேலை கிடைக்காத ஜெரோமியின் கண்ணிலிருந்து ஒரு துளி—

துளியை அந்தரத்தில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கொம்பியூட்டருக்கு முன்னால் ஜெரோமியே உட்கார்ந்திருக்கிறாள். சீ.வி. பிரிண்ட் எடுக்க வந்தவள், திறந்து கிடந்ததை வாசித்துவிட்டாள்.

"அண்ணே, இந்தக் கண்ணீரு யாரோடது?"

"உன்னோடதுதாம்மா."

"நான் எப்ப அழுதேன்?"

"கதையில."

"எங்கம்மாவ வேற கூடை தூக்க வெச்சிருக்கீங்க. அம்மா கொழுந்து எடுக்கிறத விட்டு எவ்வளவு காலம்! டவுன்ல காமண்ட்ஸுக்குல்ல போறாங்க. சட்டைக்கு கொலர் தைக்கிறாங்க."

"கூடை இருந்தா படிக்கிறவங்களுக்கு நல்லா இருக்கும்."

"படிக்கிறவங்க நல்லா இருக்க எங்கம்மா கூடை தூக்கணுமா?"

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நடந்ததை அவள் சொல்வாள், நான் எழுதுவேன். எழுதியதை அவள் வாசிப்பாள். பொய்யாகப் பட்ட இடத்தை வெட்டும் உரிமை அவளுக்கு. ஆகவே இதில் பனி இல்லை. பனி பிடித்தவர்கள் சிறப்பிதழின் மற்றப் பக்கங்களைப் பார்க்கலாம்.

2

ஜெரோமிக்கு இருபத்துநான்கு வயது. கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டம். அப்பா சூசைரட்ணம் தேயிலைத் தொழிற்சாலையில் போய்லர் பார்க்கிறார். அம்மா ஜோசப்பினைப் பற்றி மேலே அவளே சொல்லிவிட்டாள். உயர்தரப் பரீட்சையில் பாஸ், ஆனால் பல்கலைக்கழகம் கூப்பிடவில்லை. ஹற்றனில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் சேர்ந்து டிப்ளோமா முடித்தாள். அங்கேதான் எஸ்.கியூ.எல். என்ற மூன்றெழுத்து அவளைப் பிடித்துக்கொண்டது.

[சிறு விளக்கம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஒரு ஹோட்டலில் எந்த அறையில் யார், எப்போது வந்தார், என்ன சாப்பிட்டார் என்பதெல்லாம் கொம்பியூட்டருக்குள் அட்டவணை அட்டவணையாகக் கிடக்கும். 'காலி நகரத்திலிருந்து அடிக்கடி வந்து தங்கியும் ஒரு தரம்கூட இங்கே இரவுச் சாப்பாடு சாப்பிடாதவர்கள் யார்?' என்று அதனிடம் கேட்கலாம். கேட்பதற்கென்று ஒரு மொழி உண்டு. அதுதான் எஸ்.கியூ.எல். இதை எடு, இதிலிருந்து எடு, இந்த நிபந்தனைக்கு உட்பட்டதை மட்டும் எடு. பெரும்பாலும் அவ்வளவுதான் இலக்கணம்.]

அதில் என்ன அப்படிப் பிடித்தது என்று கேட்டேன். "கேள்வி சரியா இருந்தா பதில் வந்துரும்ணே. வேற எங்கயும் அப்படி நடக்கிறதில்ல" என்றாள். வேலை தேடத் தொடங்கியபோது அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது.

ஆரம்பத்தில் அவள் 'ஐ.டி. வேலை' என்று தேடினாள். பட்டம் கேட்டார்கள். 'கொம்பியூட்டர் வேலை' என்று தேடினாள். டைப் அடிக்கக் கூப்பிட்டார்கள். பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. பதவிப் பெயரைத் தேடக்கூடாது, அந்த மூன்றெழுத்தைத் தேட வேண்டும். தேடினால் எங்கெங்கோ ஒளிந்திருந்த வேலைகள் வெளியே வந்தன. வங்கியில் 'அறிக்கை உதவியாளர்'. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் 'பதிவு இணைப்பாளர்'. தைப்பு ஆலையில் 'இருப்பு நிர்வாகி'. எல்லாம் வெவ்வேறு பெயரில் ஒரே வேலை. அட்டவணையிடம் கேள்வி கேட்டுப் பதிலை மேலதிகாரியிடம் கொடுக்கும் வேலை. ஒரு கோழித்தீன் கம்பனிகூடக் கேட்டிருந்தது. எஸ்.கியூ.எல். தெரிந்திருக்க வேண்டும், சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருக்க வேண்டும், ஆண்கள் மட்டும். நேரில் போய்க் கோழியிடமே கேள்வி கேட்க வேண்டும் போல.

மோட்டார் சைக்கிள் கேட்காத இடங்கள் அனுபவம் கேட்டன. அனுபவம் வேண்டுமென்றால் வேலை வேண்டும், வேலை வேண்டுமென்றால் அனுபவம் வேண்டும். இதை எழுதிய ஆள் எந்த மொழியில் எழுதினாலும் கொம்பியூட்டர் ஏற்காது என்பாள் ஜெரோமி.

கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் நேர்முகத்தில் கிளை முகாமையாளர் கேட்டார்: "அனுபவம் பூச்சியமா?"

"பூச்சியம் இல்லைங்க சார். நல்."

அந்த மொழியில் 'நல்' என்றால் 'இன்னும் தெரியாது' என்று அர்த்தம். பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. நல் என்றால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், யாரும் இன்னும் பார்க்கவில்லை. ஜெரோமி இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த பகிடி அது.

முகாமையாளர் முகம் மலர்ந்து, "நல்ல அனுபவமா? எங்கே?" என்று கேட்டார்.

அந்த வேலை கிடைக்கவில்லை.

3

இனிக் கிஷாந்த் வரவேண்டும். வில்லனாகக் கொண்டுவர நினைத்தேன். மீசைகூட வைத்தேன். "அவன் கெட்டவன் இல்லண்ணே" என்று ஜெரோமி மீசையை எடுத்துவிட்டாள்.

கிஷாந்த் அவளோடு அதே வகுப்பில் படித்தவன். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் செல்லசாமி என்பவரின் மகன். வகுப்புக்கு அயர்ன் செய்த சட்டையோடு வருவான். பயிற்சிகளை ஜெரோமியைப் பார்த்து எழுதுவான். ஆனால் பேச்சில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. கோபமாக வந்த ஆசிரியர் அவனிடம் இரண்டு நிமிஷம் பேசினால் சிரித்துக்கொண்டு திரும்பிப் போவார்.

நுவரெலியாவில் வாவிக்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல். பெயர் சொல்ல மாட்டேன். 'தரவு அலுவலர் தேவை, எஸ்.கியூ.எல். அவசியம்' என்று விளம்பரம். இருவரும் போனார்கள். நேர்முகம் பார்த்தவர் முகாமையாளர், தில்ருக்ஷி மிஸ். கண்டிப்பானவர், வேகமானவர், கொம்பியூட்டரைத் தூசி துடைக்க வேண்டிய ஒரு தளபாடமாகப் பார்ப்பவர்.

முதலில் ஜெரோமி. "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எஸ்.கியூ.எல். தெரியும், மிஸ்."

மிஸ் தலையசைத்தார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கிஷாந்த் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தான். "பேசிக்கலி, சீக்குவல்" என்றான்.

[அந்த மூன்றெழுத்தை எழுத்தெழுத்தாகவும் சொல்லலாம், சேர்த்துச் 'சீக்குவல்' என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. ஆனால் ஒன்று ஹற்றன் வகுப்பறையில் படித்தது போலவும் மற்றது விமானத்தில் வந்து இறங்கியது போலவும் கேட்கும்.]

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். எழுதிக் காட்டு என்று எவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரியா பிழையா என்று பார்க்க அங்கே ஆள் இல்லை. அடுத்த திங்கட்கிழமை கிஷாந்த் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். செல்லசாமி தோட்டம் முழுக்கச் சொன்னார்: "எம் மகன் டேட்டா ஒபிசரு."

ஜெரோமி அன்றைக்கு என் கடைக்கு வந்து இன்னொரு சீ.வி. பிரிண்ட் எடுத்தாள். அழவில்லை. நான் எழுதிய துளியை அவள் வெட்டியது சரிதான்.

4

முதல் போன் அவன் வேலைக்குப் போன அன்றே வந்தது. ஹோட்டல் கழிவறையிலிருந்து.

"ஜெரோமி, ஜொயின்னா என்னா?"

"நீதான் ஜொயின் பண்ணிட்டியே."

"அந்த ஜொயின் இல்ல. ரெண்டு டேபிள ஜொயின் பண்ணணுமாம்!"

இரண்டு அட்டவணைகளை இணைப்பது எப்படி என்று அவள் சொன்னாள். மறுநாளும் போன் வந்தது. மிஸ் கேட்பதை அவன் கேட்பான், இவள் யோசித்து எழுதி வட்ஸப்பில் அனுப்புவாள், அவன் அதை ஹோட்டல் கொம்பியூட்டரில் போடுவான். பதில் வந்ததும் மிஸ்ஸிடம் ஓடுவான். ஒரு மாதத்தில் ஹோட்டலின் அட்டவணைகள் எல்லாம் ஜெரோமிக்கு மனப்பாடம். எந்த அறைக்கு யார் திரும்பத் திரும்ப வருகிறார்கள், எந்த மாதம் சூப் ஓடும், எந்த நாட்டுக்காரர் வந்தால் கம்பளி கூடக் கேட்பார், எல்லாம் தெரியும். ஹோட்டலுக்குள் மட்டும் நேர்முகத்தன்று காலடி வைத்ததுதான்.

லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறது, அங்கே நின்றால் இரண்டு கோடு வரும். தினமும் அங்கே போய் நின்று பேசுகிற பெண்ணை ஊர் சும்மா விடுமா? மேல் லயத்து ராக்காயி கேட்டேவிட்டார்.

"யாரு பாப்பா அது, தெனமும் போன்ல?"

"ஹோட்டல்ல இருந்துங்க. ஒரு டேபிள்ல பிரச்சினை."

"டேபிளு ஆடுதுன்னா ஆசாரியக் கூப்பிடணும். ஒன்னய ஏன் கூப்பிடுறாங்க?"

ஏன் செய்கிறாய் என்று நானும் கேட்டேன். முதலில் 'பாவம், கூடப் படிச்சவன்' என்றாள். பிறகு, நான் போட்டோக்கொப்பி எடுப்பதில் மும்முரமாக இருந்தபோது, திரையைப் பார்த்தபடியே உண்மையைச் சொன்னாள்.

"எனக்கு வேலைதான் இல்லண்ணே. வேலை செய்யப் புடிக்கும்."

5

(இந்தப் பகுதியை அழித்துவிட்டேன். இதில் காதல் இருந்தது. 'சத்தியமா இல்லண்ணே' என்றாள். பிரதி எடுத்து வைக்கவில்லை.)

6

நுவரெலியாவுக்கு ஏப்ரல்தான் திருவிழா. பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், நாடெங்கும் இருந்து கார். ஹோட்டல்களில் படிக்கட்டில்கூட ஆள் படுக்கும். சீசன் தொடங்குவதற்கு முந்திய வாரம், ஒரு காலை, தில்ருக்ஷி மிஸ் கிஷாந்தைக் கூப்பிட்டு, இரத்தான முன்பதிவுகள் எல்லாம் திரையில் குப்பையாகக் கிடக்கின்றன, அவற்றை அழித்துவிடு என்றார்.

கிஷாந்த் போன் செய்தான். ஜெரோமி குடையோடு கல்லில் நின்றாள். மழை. [மின்னலும் போட்டிருந்தேன். அன்றைக்கு மின்னல் இல்லை என்று வெட்டிவிட்டாள்.] சின்ன வேலை, இரண்டே வரி. 'முன்பதிவுகளிலிருந்து அழி' என்பது முதல் வரி. 'இரத்தானவை எவையோ அவற்றை மட்டும்' என்ற நிபந்தனை இரண்டாவது வரி. அந்த நிபந்தனை தொடங்குகிற சொல்லை ஆங்கிலத்தில் 'வேர்' என்பார்கள். வேர் இல்லாமல் அழி என்றால் அடியோடு போய்விடும். தமிழ்க்காரனால் இதை மறக்கவே முடியாது. ஆனால் கிஷாந்த் வகுப்பில் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தானோ.

ஜெரோமி முதல் வரியை எழுதி அனுப்பினாள். இரண்டாவது வரியை எழுதினாள். அனுப்பு என்று அழுத்தினாள். எங்கோ டவருக்கு மின்சாரம் போனது. இரண்டு கோடும் ஒன்றாக அணைந்தன. வேர் கொட்டகலைக்கு மேலேயே நின்றுவிட்டது.

கிஷாந்த் வந்ததைப் போட்டான்.

சிக்னல் திரும்பி வந்தபோது போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஜெரோமி, ஹோட்டல் காலியாயிருச்சு."

"ஆளுங்க போயிட்டாங்களா?"

"ஆளுங்கல்லாம் இருக்காங்க. கொம்பியூட்டர்லதான் ஒருத்தரும் இல்ல."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். திரையைப் பார்த்தாள். இரண்டாவது செய்தி இன்னும் போகாமல் அப்படியே நின்றது. இரண்டையும் ஒரே செய்தியாக அனுப்பியிருக்க வேண்டும். வகுப்பில் படித்த எவளும் செய்யக்கூடாத காரியம். அவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஆகவே பிழை பெரும்பாலும் தன்னுடையது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

"எதையும் தொடாத. மௌஸ்ல கையே வெக்காத. நான் வர்றேன்."

"இங்கயா? மிஸ் கேட்டா?"

"என்னாத்தையாச்சும் சொல்லு. ஒனக்குத்தான் பேச வருமே."

நுவரெலியா பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். நானுஓயா ஏற்றத்தில் பஸ் முக்கி முனகியபோது அவளும் கூடவே முக்கினாளாம். 'பூக்கள் சிரித்தன' என்று அங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். அவள் பூவைப் பார்க்கவில்லை. எங்காவது ஒரு பிரதி இருக்கும், மென்பொருள் போட்டுக் கொடுத்தவன் கொஞ்சமாவது மனிதனாக இருந்தால் தினமும் ஒரு பிரதி எடுக்க வைத்திருப்பான், இதையே நினைத்துக்கொண்டு போனாள்.

7

வரவேற்பறையில் தில்ருக்ஷி மிஸ்ஸே நின்றார். குடையும் கைப்பையுமாக நனைந்து வந்தவளை மேலும் கீழும் பார்த்தார். நேர்முகத்தில் பார்த்த முகம் அவருக்கு நினைவில்லை.

"மே கவுத?" என்றார் சிங்களத்தில். இது யார்?

கிஷாந்த் கொஞ்சமும் தயங்கவில்லை. "மகே நங்கி, மிஸ். கேம கெனாவா." என் தங்கச்சி, சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள்.

மிஸ் ஜெரோமியின் கையைப் பார்த்தார். சாப்பாட்டுப் பார்சல் எதுவும் இல்லை. கிஷாந்தின் முகத்தைப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை. வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அவர் அங்கே போய்விட்டார்.

பிரதி கணக்குப் பிரிவின் பழைய கொம்பியூட்டரில் இருந்தது. அதில் ஒருவர் பக்திப்பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், அதற்குள் இப்படி ஒன்று தினமும் வந்து சேர்கிறது என்று அவருக்கும் தெரியாது. ஜெரோமி பாட்டை நிறுத்தாமலே வேலையைத் தொடங்கினாள். முந்தின இரவுவரை இருந்ததை மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவந்தாள். அன்று காலையில் சேர்ந்தவற்றை மின்னஞ்சல்களைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசியில் வேரோடு சேர்த்து அந்த இரண்டு வரியையும் தானே எழுதினாள். இரத்தானவை மட்டும் போயின.

அந்த நேரமெல்லாம் கிஷாந்த் வெளியே சமாளித்தான். இதையும் எழுத வேண்டும் என்றாள் ஜெரோமி. அறை எது என்று தெரியாமல் நின்ற காலியிலிருந்து வந்த குடும்பமொன்றைத் தோட்டத்தில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, பெரியவருக்குக் குதிரைப் பந்தயக் கதை சொல்லி, அவர்கள் அறையையே மறக்கும்படி செய்துவிட்டான். ஒருத்தர்கூடச் சத்தம் போடவில்லை. அதை அவள் செய்திருக்க முடியாது.

பின்னேரம் விஷயம் கொஞ்சம் வெளியே தெரிந்தது. கொம்பியூட்டரில் ஏதோ கோளாறாம், கிஷாந்த் சரிசெய்துவிட்டானாம். மிஸ் ஊழியர்களைக் கூப்பிட்டு அவனுடைய தோளில் தட்டினார். கைதட்டினார்கள். "இந்தப் பிள்ளை இல்லாவிட்டால் நமக்குச் சீசனே இல்லை. வருகிற மாதம் இவனை நிரந்தரமாக்குகிறோம்" என்றார். பிறகு கதவடியில் நின்ற ஜெரோமியைப் பார்த்துச் சிரித்து, ஒரு துண்டு பட்டர் கேக் கொடுக்கச் சொன்னார்.

அவள் கேக்கைச் சாப்பிட்டாள். பசி. நல்ல கேக் என்றும் சொன்னாள்.

பஸ்ஸில்தான் கோபம் வந்தது. கிஷாந்த் தங்கச்சி என்று பொய் சொன்னதற்காக இல்லை. வேறு வழி இருக்கவில்லை, அது அவளுக்கே தெரியும். ஆனால் அவ்வளவு பேர் கைதட்டியபோது அவன் ஒரு தரமாவது கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் வலித்தது.

[இந்த இடத்தில் அழுதாயா என்று கேட்டேன். என்னை முறைத்தாள். எழுதவில்லை.]

8

அதற்குப் பிறகு அவள் கிஷாந்தின் போனை எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்த நாட்களில் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்தாள். கொழும்பில், மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் செய்கிற ஒரு கம்பனி. பதவிப் பெயர் 'வாடிக்கையாளர் உதவி'. உள்ளே ஐந்தாவது வரியில் அந்த மூன்றெழுத்து. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், சிக்னலுக்கு என் கடை இருக்கிறது.

நேர்முகம் என் கடையில், இதே கொம்பியூட்டரில். நான் போட்டோக்கொப்பி மெஷினை நிறுத்தி வைத்தேன். அப்படியும் ஒருவர் அடையாள அட்டையை நீட்டியபடி கமராவுக்குள் வந்து, கொழும்புக்காரர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

முத்துலிங்கம் என்ற பெரிய அதிகாரி பேசினார். ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் தருகிறேன். ஒரு கணக்குக் கொடுத்தார்: போன வருஷம் வாங்கி இந்த வருஷம் ஒன்றுமே வாங்காத கடைகளைக் கண்டுபிடி. ஜெரோமி அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினாள். முத்துலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார்.

"தினசரிப் பாவனையில் உள்ள தரவுகளில் வேலை செய்திருக்கிறீர்களா?"

"ஆமாம் சார். அழிந்துபோன ஒரு அட்டவணையைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். அது அழிந்ததற்கும் பாதிக் காரணம் நான்தான்."

அவர் சிரித்தார். 'நல்' விளங்காத காப்புறுதிக்காரருக்குப் பிறகு ஒரு அதிகாரி அவளுடைய பேச்சைச் சரியாக விளங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"எங்கே? சீ.வி.யில் இல்லையே?"

"நுவரெலியாவில் ஒரு ஹோட்டல். வேலையில் சேராமலே செய்தேன்."

"அதைப் பார்த்தவர் யாராவது?"

உலகத்தில் அவளுடைய வேலையைப் பார்த்தவன் ஒரே ஒருவன். அதை வேறு யாரும் பார்க்கவில்லை என்பதில்தான் அவனுடைய வேலை நிற்கிறது.

"கிஷாந்த்" என்றாள். "அங்கே தரவு அலுவலர்."

"நல்லது. ஹோட்டல் நம்பருக்கே போன் எடுப்போம். தனிப்பட்ட போனில் யாரும் எதையும் சொல்லலாம் என்பதால் எங்களுடைய விதி அது. அவர் உறுதிப்படுத்தினால் வேலை உங்களுக்கு."

ஹோட்டல் நம்பர் வரவேற்பு மேசையில் அடிக்கும். தில்ருக்ஷி மிஸ்ஸின் கதிரையிலிருந்து கையெட்டும் தூரம்.

9

இரண்டு நாளுக்குப் பிறகு கிஷாந்த் கடைக்கே வந்தான். கையில் கேக் பெட்டி. ஜெரோமி பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கணக்குப் பார்ப்பது போல இருந்தேன். எழுத்தாளன் என்றால் காது இருக்க வேண்டும்.

"சொறி ஜெரோமி."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா செல்லாது. எதுக்குன்னு சொல்லு."

அவன் யோசித்தான். கேக் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "அன்னைக்கு ஒன்னயப் பாக்கல. கை தட்டினப்ப."

அவள் பிரிண்டைக் கையில் எடுத்தாள். "கொழும்புல இருந்து ஒங்க ஹோட்டலுக்கு போன் வரும். என்னயப் பத்திக் கேப்பாங்க."

"ஹோட்டலுக்கா? மிஸ் பக்கத்துலயே இருப்பா!"

"தெரியும்."

"நிரந்தரமாக்குற மாசம், ஜெரோமி. அப்பா வேற ஊரெல்லாம் சொல்லிட்டாரு."

"அதுவும் தெரியும். நீ பொய் சொன்னாலும் நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். என்னா சொல்றதுன்னு நான் எழுதி அனுப்ப மாட்டேன், அவ்வளவுதான். இந்த ஒரு தடவ நீயே எழுது."

கேக்கை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். நான் சாப்பிட்டேன். ஜெரோமி தொடவில்லை.

10

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) போன் வருகிறது. கிஷாந்த் 'தெரியாது' என்கிறான். ஜெரோமி பனி மூடிய மலைமுகட்டில்— ("மலைமுகட்டுக்கு நான் ஏன் போறேன்?")

ஆ) கிஷாந்த் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். தில்ருக்ஷி மிஸ் கண்கலங்கி இருவரையும் அணைத்து, ஹோட்டலின் ஒரு பகுதியையே— ("மிஸ்ஸ நீங்க பாத்ததில்ல. அணைக்கிற ஆளு இல்ல அது.")

இ) ஜெரோமிக்கு வேலை கிடைக்கிறது. கிஷாந்தை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவன் மழையில் நடக்க— ("வேணாம்ணே." இதை வெட்டும்போது மட்டும் சிரிக்கவில்லை.)

சஞ்சிகைக்காரர் காலையில் போன் செய்தார். இன்று மதியத்துக்குள் கதை வராவிட்டால் அந்தப் பக்கத்தில் உர விளம்பரம் போட்டுவிடுவாராம். கொழும்புக் கம்பனி இன்று பின்னேரம்தான் ஹோட்டலுக்குப் போன் எடுக்கிறது. ஆகவே என்னிடம் முடிவு இல்லை. நவீனத்துவம் ஒன்றுமில்லை, உண்மையிலேயே இல்லை. ஜெரோமி இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறாள். இதை வாசிக்கிறாள். வெட்டச் சொல்லவில்லை. காலையிலிருந்து எதையும் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

என்னால் ஆனது இவ்வளவுதான். மிச்சத்தை உங்களிடம் தருகிறேன்.

நீங்கள்தான் கிஷாந்த். டையைச் சரிசெய்துகொள்ளுங்கள். வரவேற்பு மேசையில் நிற்கிறீர்கள். பக்கத்துக் கதிரையில் தில்ருக்ஷி மிஸ், பூச்சாடிக்காரரோடு சண்டை போட்டு முடித்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார். போன் அடிக்கிறது. அவர் எடுத்து, கேட்டு, கொஞ்சம் ஆச்சரியத்தோடு ரிசீவரை உங்களிடம் நீட்டுகிறார். "உனக்குத்தான். கொழும்பிலிருந்து."

எதிர்முனையில் ஒரு மரியாதையான குரல்: "ஜெரோமியை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மிஸ் எழுந்து போகவில்லை. சொல்லுங்கள்.